பேரணாம்பட்டுக் குழந்தைகள் கண்ட அமெரிக்கா

அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள் என்று பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் நிம்மதி கிடையாது. காணிக்கைக் கூட்டமா, கூப்பிடு அவளை. பரிசளிப்பு விழாவா, பேசச் சொல் அவளை. வேலூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அதை நடத்திய மிஷனின் பெரிய துரைசாணி கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியை என் தலையில் கட்டினாள்.

பெட்டிக்குள் கண்ணாடிப் படங்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் தெரு, வீடு, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் படம் பிடிக்கச் செய்து, இந்தியாவில் உள்ள பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு மேஜிக் லாந்தர். விளக்கை ஏற்றிப் படத்தைச் செருகினால் சுவரில் ஆள் உயரத்துக்கு விழும். "ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் காட்டிவிட்டு வா. அங்கே இருந்தவள் நீதான், விளக்கமாகச் சொல்" என்றாள். அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது ஒரு பெரிய வித்தையா என்று நானும் கிளம்பிவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சிகாகோவில் இறங்கியபோதுகூட நான் அவ்வளவு மிரளவில்லை, ஆம்பூரில் ரயிலைவிட்டு இறங்கியபோது மிரண்டேன். முதலில் வந்தது நாற்றம். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் சேர்ந்த நாற்றம் மூக்கில் ஏறி அங்கேயே குடியிருந்துகொண்டது. ஸ்டேஷனுக்குப் பின்னால் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கயிறு கயிறாக ஆட்டுத் தோல்கள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்களின் வடிவம் அப்படியே இருந்தது. உள்ளே ஆடு மட்டும் இல்லை. காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தன.

சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். தங்கியிருந்த வீட்டில் எனக்காகப் பக்கத்துச் சாயபு வீட்டிலிருந்து பிரியாணியும் புளிப்பான கத்தரிக்காயும் வந்தன. இரண்டு வருஷம் வெந்த உருளைக்கிழங்கைத் தின்று நாக்கு செத்துப்போனவள் நான். வெட்கத்தைவிட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஜன்னல்களைச் சாத்திப் படம் காட்டினேன். முதல் படம் ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், இலையில்லாத மரங்கள். பெருமையோடு குச்சியை நீட்டினேன். முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "இது பகலா டீச்சரம்மா?" என்றான். பகல்தான் என்றேன். "அப்போ ஜனங்க எங்க?" குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள் என்றேன். "அத்தினி பேருமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

அடுத்தது ஒரு வீட்டு வாசல். படியில் இரண்டு பால் புட்டிகள். விடிவதற்கு முன்னால் பால்காரன் வந்து வைத்துவிட்டுப் போவான், அவனை யாரும் பார்ப்பதில்லை, தெருவில் போகிற ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள் என்று அமெரிக்க நாணயத்தை மெச்சிச் சொன்னேன். பெண்பிள்ளைகள் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. வாசலில் வைத்ததை யாரும் தொடமாட்டார்கள் என்றால் அது படையல்தானே என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பனியில் விளையாடும் பிள்ளைகளின் படத்தைப் போட்டேன். தரை வெள்ளை, கூரை வெள்ளை, பிள்ளைகளின் வாயிலிருந்து வெள்ளைப் புகை. அதற்கு அடுத்ததை எடுத்து ஒதுக்கி வைத்திருந்தேன், எப்படியோ கைக்கு வந்துவிட்டது. வெள்ளைத் துணி போர்த்திய பிள்ளைகளின் படம். வருஷத்தில் ஒரு சாயங்காலம் அங்கே பிள்ளைகள் வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வீடு வீடாய்ப் போய்க் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் மிட்டாயோ ஆப்பிளோ கொடுப்பார்கள். பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி வாசலில் வைத்திருப்பார்கள். இதெல்லாம் விளையாட்டு என்று சொல்லி முடித்தேன்.

"அவங்க செத்து எத்தினி நாளாச்சு?" என்றான் முதல் பையன். வேலூர் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டான்.

உங்களைப்போல உயிரோடு இருக்கிற பிள்ளைகள்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். பின்னே ஏன் ஒருத்தர் காலும் தரையில் படவில்லை, வீட்டுக்குள்கூட ஜோடு போட்டிருக்கிறார்களே என்று கேட்டான். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் வெறுங்காலோடு உட்கார்ந்து சுவரில் இருந்த ஜோடுகளையே பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பூகோளப் புத்தகத்தை எடுத்துத் தேசப்படத்தைக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார்கள், நம்பவில்லை.

அடுத்த நாள் பேரணாம்பட்டுக்கு மோட்டார் பஸ். பாதி வழியில், மலை ஓரமாக ஏறும் இடத்தில், முன்பக்கத்திலிருந்து புகையைக் கக்கிவிட்டு நின்றது. டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனான். எல்லோரும் இறங்கி நிழலில் நின்றோம். எனக்குப் பின்னால் இரண்டு தோல் வியாபாரிகள் ஹிந்துஸ்தானியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதி புரியும்.

"செத்தவர்கள் இருக்கிற ஊரைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாளாம் ஒருத்தி. நேற்று ஆம்பூரில் காட்டினாளாம்."

"அங்கே போய்ப் படம் பிடித்தது யார்?"

"அதை யாரும் கேட்கவில்லை."

பெட்டியை முந்தானையால் மூடிக்கொண்டேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. டிரைவர் வந்து பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பேரணாம்பட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. சாலை ஓரத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்றாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, சுத்தமான பாவாடை. நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, அங்க எங்கம்மாவப் பாத்தீங்களா?"

"எங்கே?"

"அமெரிக்காவுல."

அது எவ்வளவு பெரிய தேசம் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அதற்குள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ரத்தினம்மா என்னை அழைத்துப்போக ஓடி வந்துவிட்டாள். "சலோமி, வூட்டுக்குப் போ கண்ணு, நாளைக்குப் படம் பாக்கலாம்" என்று பெண்ணை அனுப்பினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லக்கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்று ரத்தினம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். அந்தப் பாடத்துக்கு நடுவில்தான் சலோமியின் கதையைச் சொன்னாள்.

சலோமியின் அம்மா ஞானம்மா. ஒரு துரை வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். துரை குடும்பம் லீவில் அமெரிக்கா போனபோது, ஒரு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று அவளையும் கூட்டிப்போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள். துரைசாணி எழுதிக் கொடுக்க, முதலில் இரண்டு மூன்று கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோனது. துரை குடும்பமும் திரும்பவில்லை. கேட்டு எழுதியவற்றுக்குப் பதிலே இல்லை.

"இங்க ஒரு வழக்கம் இருக்குதும்மா. தூரதேசத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க, ஒடம்பு கெடைக்கலைன்னா, அவங்க கட்டின துணிய வெச்சி அடக்கம் பண்ணிடுவாங்க. யாக்கோபு ரெண்டு வருஷம் பாத்தான். அப்புறம் அவ கல்யாணப் பொடவைய கல்லறையில வெச்சிட்டான்" என்றாள் ரத்தினம்மா.

யாக்கோபு சலோமியின் அப்பா, தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. அவனுக்கு இப்போது மறுகல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். அந்த மூன்றாம் ஞாயிறு நாளை மறுநாள்.

"அவனையும் குத்தம் சொல்ல முடியாது. பொண்ணு தனியா கெணத்தாண்ட நின்னு பேசிக்கினு இருக்குது. அவனுக்கு ஒரே பேஜாரு. வூட்ல ஒரு பொம்பள இருந்தா சரியாயிடும்னு பாக்கறான்."

"யாரோடு பேசுகிறாள்?"

ரத்தினம்மா குழம்பை என் களிமேல் ஊற்றினாள். "அம்மா கூடத்தான்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் படம். பள்ளிக்கூடத்து ஜன்னல்களுக்குக் கதவு இல்லை. தோல் ஷாப்பிலிருந்து பதம் போட்ட தோல்களை இரவல் வாங்கி, ஜன்னலுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் அவற்றின் வழியே செம்மையாக ஊறி உள்ளே வந்தது. பிள்ளைகளின் முகமெல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. ஆம்பூர்ப் பேச்சு இங்கே முன்னாடியே வந்துவிட்டது. பெரியவர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். ஒருவரும் செருப்போடு உள்ளே வரவில்லை, கோயிலுக்கு வருவதுபோல வந்தார்கள்.

இந்த முறை உஷாராக இருந்தேன். வெள்ளைத் துணிப் படத்தைப் பெட்டியின் அடியில் தள்ளினேன். பால் புட்டிக்குப் பதில் ஒரு வீட்டின் கூடத்தைக் காட்டினேன். நாற்காலி, விளக்கு, சுவரோரமாக இரும்புக் குழாய்களை வரிசையாக நிறுத்தினாற்போல ஒன்று. அது என்னவென்று சொல்லும் முன்னால் முன்வரிசையிலிருந்து சலோமியின் குரல் வந்தது.

"அது தட்டும்."

"என்னது?"

"சாயங்காலமானா செவுத்துக்குள்ள யாரோ தட்டுவாங்க. டங்கு டங்குன்னு. கொஞ்ச நேரம் கழிச்சி ரூமு சூடாவும்."

கையிலிருந்த குச்சி நின்றுவிட்டது. குளிர்காலத்தில் கீழ்த்தளத்திலிருந்து நீராவி அந்தக் குழாய்களில் ஏறும்போது சுவருக்குள் அப்படித்தான் தட்டும். அங்கே போன முதல் ராத்திரி நான் பயந்துபோய்ப் பக்கத்து அறைக்கு ஓடியிருக்கிறேன். ஆனால் அதை இங்கே நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. படத்தில் சத்தம் கேட்காது. ஞானம்மாவின் கடிதங்களைப் பள்ளிக்கூடத்தில் வாசித்தவள் ரத்தினம்மாதான். அவளைத் திரும்பிப் பார்த்தேன். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்று தலையாட்டினாள்.

மீதிப் படங்களை எப்படிக் காட்டினேனோ தெரியாது. பேய் பிசாசு என்று யாராவது பேசினால் வெட்டிப் பேசுகிறவள் நான். அன்றைக்குக் கடைசிப் படத்துக்கு விளக்கம் சொல்லவே மறந்துவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் சலோமியைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றாள். இருட்டவில்லை, வெளிச்சம் மட்டும் மங்கியிருந்தது.

"தட்டும் என்று உனக்கு யார் சொன்னார்கள்?"

"அம்மா. தண்ணி சேந்த வந்தா கெணத்துக்கு அந்தாண்ட நிப்பா."

"இப்போது நிற்கிறாளா?"

"நீங்க இருக்கீங்க இல்ல" என்றாள், பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அம்மா வேறு என்ன சொல்வாள் என்று கேட்டேன். சலோமி யோசித்து, ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"மொதல்ல தட்டற ரூமுல இருந்தாளாம். இப்போ வெளிய போட்டுட்டாங்களாம். வெராண்டா மாதிரி எடம், செவுரு கெடையாது. வரிசையா கட்டிலு, எல்லாம் பொம்பளைங்க. கழுத்து வரைக்கும் வெள்ளையா போத்தி இருக்கும். போர்வை மேலயே பனி கொட்டுமாம். யாரும் எந்திரிக்கக்கூடாது, பேசக்கூடாது. சும்மா மல்லாந்து கெடக்கணும். அங்க செத்தவங்கள அப்படித்தானே வெப்பாங்க டீச்சரம்மா?"

அவளே தொடர்ந்தாள். "ஒரு அம்மா வந்து எல்லார் வாயிலயும் ஒரு கண்ணாடிக் குச்சிய வெச்சி, எடுத்துப் பாப்பாங்களாம்."

அமெரிக்காவில் எனக்கு ஒரு வழக்கம் கடைசிவரை விளங்கியதில்லை. காசநோய் கண்டவர்களைக் கடும் குளிரில், பனி கொட்டுகிற திறந்த வெராண்டாவில், கட்டிலோடு வெளியே போட்டுவிடுவார்கள். அசையாமல் படுத்துக் குளிர்ந்த காற்றைக் குடித்தால் நெஞ்சு ஆறும் என்பது அவர்கள் வைத்தியம். என்னோடு படித்த ஒருத்தியைப் பார்க்க அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்கு ஞாயிறுதோறும் போயிருக்கிறேன். முதல் தடவை நானும் பிணவறை என்றுதான் நினைத்தேன். அவள் பிழைத்து எழுந்து வந்தாள்.

செத்தவர்கள் வாயில் யாரும் காய்ச்சல் பார்ப்பதில்லை.

சலோமியின் தோளைப் பிடித்து, அங்கே உயிர் பிழைக்க வேண்டியவர்களைத்தான் அப்படிப் படுக்க வைப்பார்கள் என்று சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். "செத்தவங்கதானே வருவாங்க?" என்றாள் மெதுவாக. "வர்றாளே."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு சிறுமி கிணற்றடியில் கேட்டதை வைத்து ஊரார் கல்யாணத்தை நிறுத்துவதா என்று ஒரு மனம். ஓலை வாசித்துக் கல்யாணமும் நடந்து, அந்த அம்மாள் ஒருநாள் பிழைத்து வந்து நின்றால் மூன்று பேர் கதியும் என்ன ஆகும் என்று இன்னொரு மனம். காலை பஸ்ஸில் நான் வேலூருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பெட்டியை மட்டும் கட்டி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

போதகர் ஓலையை வாசித்தார். "மனைவியை இழந்த யாக்கோபு" என்று அவர் சொன்னபோது எழுந்துவிட்டேன். தடை இருக்கிறது என்றேன். ஞானம்மா இறந்தாள் என்பதற்குச் சாட்சி இல்லை, அவள் எந்த மாதிரி இடத்தில் இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும், அங்கே தந்தி கொடுக்கிறேன், பதில் வரும்வரை பொறுங்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அவர் என்னையும், பிறகு சலோமியையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஓலையை மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்தார்.

பெண் வீட்டார் சும்மா விடவில்லை. "படங்காட்ட வந்தமா, போனமான்னு இருக்கறதில்ல" என்று பெண்ணின் தாயார் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். அவள் பேசியதில் தப்பே இல்லை. யாக்கோபு ஓரமாக நின்றிருந்தான். கைகள் முழங்கை வரை சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருந்தன.

"அவ பொடவைய என் கையால மண்ணுல வெச்சேம்மா" என்றான். "உயிரோட இருந்தான்னா, நான் பண்ணது இன்னா?"

வேலூர் வந்ததும், அமெரிக்காவில், ஞானம்மாவின் கடிதங்களில் கண்ட துரையின் ஊருக்குப் பக்கத்தில் இருந்த என் தோழிக்குத் தந்தி கொடுத்தேன். சில வாரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது. ஞானம்மா உயிரோடு இருக்கிறாள், மலைமேல் உள்ள காசநோய் ஆஸ்பத்திரியில், தேறி வருகிறாள். விவரம் பிறகுதான் தெரிந்தது. துரைசாணி இறந்து, துரை பிள்ளைகளோடு வேறு தேசம் போய்விட்டார். தமிழ் மட்டுமே பேசுகிற ஒருத்திக்கு எழுதிக் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

மறுபடி பேரணாம்பட்டுக்குப் போனேன். பெட்டி இல்லை, கையில் தந்தி மட்டும். பஸ் வழியில் எங்கும் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வத்தோடு நான் எந்த ஊரிலும் இறங்கியதில்லை. ரத்தினம்மா தந்தியைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். யாக்கோபு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினான். வெட்டி எடுத்த புடவையைத் தொட்டித் தண்ணீரில் அலசி, தோல் காயும் கயிற்றிலேயே ஒரு ஓரத்தில் போட்டான். அதன் சிவப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை.

சலோமி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. குடம் காலியாகப் பக்கத்தில் இருந்தது.

"உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். உடம்பும் தேறுகிறது" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெரியும். நீங்கதான் அன்னிக்கே கோயில்ல சொன்னீங்களே."

"பின்னே ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய்?"

"நீங்க சொன்னதுலருந்து அவ வர்றதில்ல" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அவள் என்னைக் கோபித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "தினமும் வந்து பாக்கறேன். கெணத்துக்கு அந்தாண்ட யாரும் இல்ல."

உடம்பு சரியானதும் அம்மா நிஜமாகவே வந்துவிடுவாள், கப்பல் ஏறி வருவாள் என்றேன். எத்தனை நாளாகும் என்று கேட்டாள். முதலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை எழுந்து நடக்க விட வேண்டும், அப்புறம் கப்பலுக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ரொம்ப தூரம் என்றேன்.

அவள் காலிக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"செத்திருந்தப்போ சாயங்காலமானா வந்துடுவா டீச்சரம்மா" என்றாள்.